இத்தாவில் குதித்தவள்

ஜூலை 3, திங்கள்

வெறும் வயிற்றில் 214.

சர்க்கரை அளவை எழுதத்தான் அக்தர் இந்த நோட்டை வாங்கிக் கொடுத்தாள். தேதியைப் போட்டு நம்பரை மட்டும் எழுது, வேறு கதை வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சென்னைக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். பெற்ற மகளுக்கே என் வாயைப் பற்றி இவ்வளவு நல்ல அபிப்பிராயம். நம்பரோடு நிறுத்துகிறவளா நான்?

என் வீட்டுக்காரர் மவுத்தாகி இருபத்திரண்டு நாள். நாலு மாதம் பத்து நாள் இத்தா. அதுவரை வாசற்படி தாண்டக் கூடாது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, இருக்கிறேன், ஓதுகிறேன். ஆனால் தினமும் விடிந்ததும் டச்சுக்காரன் கல்லறை வரை நடந்து போய்த் திரும்புவேனே, அது நின்றுவிட்டது. நடை நின்றதும் சர்க்கரை ஏறிவிட்டது. அக்டோபருக்குள் இறங்காவிட்டால் ஊசிதான், பாதத்தைத் தினமும் புரட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொன்னேரி டாக்டர் போனில் சொன்னார்.

ஊசிக்குப் பயமில்லை. காலுக்குத்தான் பயம். ஜனவரியில் அவருக்கு ஒரு விரலை எடுத்தார்கள். மே மாதம் பாதத்தை எடுத்தார்கள். ஜூனில் ஆளே இல்லை.

ஜூலை 5, புதன்

போன சனிக்கிழமை அக்தர் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துப் போட்டுவிட்டுப் போனதை இன்று நிமிர்த்தி வைத்தேன். மூன்றடி அகலத்தில் ஒரு வட்டம். ஆறு கால், நடுவில் கறுப்புத் துணி, சுற்றிலும் ஸ்பிரிங். பெட்டியில் டிராம்போலின் என்று போட்டிருக்கிறது. போன அக்டோபரில் அவருக்காக அக்தர் வரவழைத்தது இது. நண்டு வியாபாரம், கொட்டகையில் காலையிலிருந்து மாலை வரை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நடக்கச் சொன்னால், ஜமால் முகம்மது கையை வீசிக்கொண்டு ரோட்டில் போனால் ஊர் என்ன நினைக்கும் என்பார். சரி, ரோடு வேண்டாம், வீட்டிலேயே குதியுங்கள் அத்தா என்று வாங்கினாள். ஒரே ஒரு நாள் ஏறினார்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் ஏறினேன். குதிக்கத் தேவையில்லையாம், குதிகாலைத் தூக்கித் தூக்கி அமுக்கினால் போதுமாம். இரண்டே நிமிஷத்தில் மூச்சு வாங்கியது. இறங்கினால் தரை ஆடுகிறது. ஏரியில் படகை விட்டு இறங்கினதும் இருக்குமே, அந்த ஆட்டம்.

ஜூலை 9, ஞாயிறு

டச்சுக்காரன் செத்து முந்நூறு வருஷம் ஆகிறது. அவன் கல்லறையைப் பார்க்க வேன் வைத்துக்கொண்டு வருகிறார்கள். தொப்பியும் கேமராவுமாக இரண்டு பேர் வழி கேட்கிற சாக்கில் என் ஜன்னலுக்கு நேராக வந்து நின்றார்கள். நான் வட்டத்தின் மேல் நிற்கிறேன். முக்காட்டை இழுத்துக்கொண்டு, ஜன்னலைச் சாத்திவிட்டு, உள்ளிருந்தே நேராகப் போங்கள் என்றேன். இனி இந்தப் புழுக்கத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் குதிக்க வேண்டும். செத்த மூன்றாம் வாரமே எங்கள் வீட்டு ஆளைப் பற்றி ஒருத்தரும் பேசுவதில்லை, அவனுக்கு மட்டும் வேன்.

ஏழு நிமிஷம்.

ஜூலை 11, செவ்வாய்

வயிறு எரிகிறது.

எனக்கும் ஆமினா அக்காவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவருடைய மூத்த சகோதரி. அந்தக் காலத்துப் பெரிய வீட்டை இரண்டாகத் தடுத்தது, கொல்லைப்புறம் பொது. நான் குதிக்கிற தொம் தொம் அந்தப் பக்கம் கேட்டிருக்கிறது. கேட்டவள் வந்து என்னவென்று கேட்க வேண்டியதுதானே? உரலில் மாவு இடிக்கிறேன் என்று அவளாகவே முடிவு கட்டியிருக்கிறாள். விடியற்காலையில் மாவு இடித்தால் கல்யாண மாவுதானாம். அப்படியென்றால் அக்தருக்கு மாப்பிள்ளை பேசி முடித்துவிட்டேனாம், தகப்பன் போய் நாற்பது நாள் கூட ஆகவில்லையாம். தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். ரைஸ் மில் இருக்கிற ஊரில் யார் உரலில் இடிக்கிறார்கள்? மீஞ்சூரிலிருந்து ஒரு உறவு போன் போட்டு, மாப்பிள்ளை எந்த ஊர் என்று கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது.

கொல்லைக் கதவைத் திறந்து அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து வட்டத்தைக் காட்டினேன். பார்த்தாள். மாவு இடித்திருந்தால் கூட இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டாள்.

"இன்னாடி இது, இத்தால இருக்கறவ குதிக்கிறியா? என் தம்பி கபுர் மண்ணு கூட காயலயே."

"உங்க தம்பி மாதிரி நானும் காலை வெட்டிக்கணுமா?"

சொல்லியிருக்கக் கூடாது. முகம் செத்துப்போய்விட்டது அவளுக்கு. கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். எனக்குக் கோபம் தணியவில்லை, பன்னிரண்டு நிமிஷம் ஆடினேன்.

ஜூலை 12, புதன்

இப்போது தெருவில் கல்யாணப் பேச்சு போய் குதிக்கிற பேச்சு வந்துவிட்டது. நல்லது.

ஜூலை 21, வெள்ளி

நேற்று நாற்பதாம் பாத்திஹா. வந்த பெண்களெல்லாம் என் முகத்தைப் பார்த்தார்களோ இல்லையோ, கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்தார்கள்.

ஆமினா அக்கா பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமே ஆள் அனுப்பிக் கேட்டிருக்கிறாள். பதிலை ஹஜ்ரத் வீட்டம்மா எல்லார் முன்னாலும் சொன்னார். நாலு சுவருக்குள் உடம்புக்காகச் செய்வதில் ஒரு தப்பும் இல்லை, நோயை வளர்ப்பதுதான் தப்பு என்றாராம். எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியில் காட்ட முடியாமல் சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அக்கா தட்டில் கை வைக்காமல் எழுந்து போனாள். அப்படி என்ன பகை அவளுக்கு, ஸ்பிரிங் போட்ட ஒரு வட்டத்தின் மேல்?

ஜூலை 29, சனி

188. பதினைந்து நிமிஷம். சுவர் ஓரத்திலிருந்து எடுத்துச் சமையலறைப் பக்கம் போட்டு, அடியில் கோணிச் சாக்கும் விரித்துவிட்டேன். அவளுக்காக இல்லை. தொம் தொம் எனக்கே தலைவலி.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

எல்லார் மேலும் கோபப்பட்டு எழுதுகிறேனே, ஒன்றை மட்டும் எழுதாமல் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு அவர் ஏறினபோது நான் சிரித்தேன்.

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தக் கனத்த உடம்போடு ஏறி, இரண்டு அமுக்கு அமுக்கினார். லுங்கி அவிழ்ந்தது. ஒரு கையில் லுங்கி, ஒரு கையில் ஜன்னல் கம்பி, பக்கவாட்டில் ஒரு தத்தல். உங்கள் கொட்டகை நண்டு தோற்றது போங்கள் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அக்தர் கூட அம்மா போதும் என்றாள். எனக்கு நிறுத்த முடியவில்லை. அவரும் சிரித்தபடியே இறங்கினார். நாளைக்குப் பார்க்கலாம் என்றார். அந்த நாளை வரவே இல்லை. எத்தனை தடவை சொல்லியும் ஏறவில்லை. மூன்றாவது மாதம் விரல் போயிற்று.

நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் ஏறியிருப்பார். ஏறியிருந்தால் சர்க்கரை இறங்கியிருக்கும். ஏன் சிரித்தேன்? அப்படியென்ன சிரிப்பு எனக்கு? இந்த வட்டத்தின் மேல் நிற்கும்போதெல்லாம் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 14, திங்கள்

லட்சுமி வந்தாள். லைட்ஹவுஸ் குப்பத்துப் பெண், மாதாமாதம் வீடு வீடாக வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவாள். 166 என்று அவளே இரண்டு தடவை பார்த்தாள். "இன்னாம்மா பண்ற, சொல்லு, எங்க குப்பத்துல சொல்றேன்" என்றாள். வட்டத்தைக் காட்டியதும் அவளும் ஏறி நாலு குதி குதித்தாள். நான் சிரிக்கவில்லை. இனி யார் ஏறினாலும் சிரிக்க மாட்டேன்.

போகும்போது ஒன்று சொன்னாள். ஆமினா அக்கா இரண்டு மாதமாக அவளுக்குக் கதவே திறப்பதில்லையாம்.

செப்டம்பர் 5, செவ்வாய்

ஆறு நாளாக அந்தப் பக்கத்திலிருந்து ஒரு திட்டும் வரவில்லை. வேண்டுமென்றே சுவர் ஓரமாகப் போட்டு இருபது நிமிஷம் ஆடிப் பார்த்தேன். சத்தமில்லை. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கொல்லைக் கதவு வழியாகப் போனேன்.

கட்டிலில் படுத்திருந்தாள். உள்ளே நுழைந்ததும் அந்த வாடை. எனக்குத் தெரிந்த வாடை, ஐந்து மாதம் இந்த வீட்டில் இருந்த வாடை. போர்வையை விலக்கினால் வலது காலில் துணி சுற்றியிருக்கிறது. அவிழ்க்க விடவில்லை. கையைத் தட்டிவிட்டு அவிழ்த்தேன். பெருவிரலுக்குக் கீழே ரூபாய் அகலத்துக்குக் குழி. மேலே மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் அப்பி வைத்திருக்கிறாள்.

கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று நினைவில்லை. தெருவுக்கே கேட்டிருக்கும். ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன், இப்படியே போய்ச் சேர்கிறேன் என்கிறாள். மகன் சவுதியில். மருமகள் பிரசவத்துக்குத் தாய் வீட்டில். அக்தர் சனிக்கிழமைதான் வருவாள், அதுவரை இந்தக் கால் இருக்காது. ஹஜ்ரத் வீட்டம்மாவுக்குப் போன் போட்டேன். உயிர்ப் பிரச்சினைக்குப் போகலாம், பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று பதில் வந்தது.

நாளைக் காலை ஆட்டோ.

செப்டம்பர் 6, புதன்

போய் வந்தோம். விரல் தப்பிவிடும் என்றார்கள். எழுத வரவில்லை.

செப்டம்பர் 7, வியாழன்

எண்பத்தேழு நாளுக்குப் பிறகு நேற்று வாசற்படி தாண்டினேன். தெருவில் எல்லாக் கதவிலும் ஆள். நான் குதிக்கிறேன் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி வருகிறாள். பார்த்தவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் தெரிந்திருக்கும்.

டாக்டர் சுத்தம் செய்துவிட்டு, இன்னும் ஐந்து நாள் போயிருந்தால் விரலை எடுத்திருப்பேன் என்றார். தினமும் கட்டு மாற்ற வேண்டுமாம். மருந்துக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அப்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. தம்பி போனதைக் கண்ணால் பார்த்தவள்தானே, மஞ்சளை அப்பிக்கொண்டு கிடக்க உங்களுக்குப் பைத்தியமா என்று கேட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அவனுக்கும் நான்தான் அப்பினேன்."

எனக்குப் புரியவில்லை. அவளே மெதுவாகச் சொன்னாள். அவர் அந்த வட்டத்தில் ஏறின அன்றைக்கே அவருக்குப் பாதத்தில் புண் இருந்திருக்கிறது. வட்டத்துத் துணி அழுத்தியதில் ரத்தம் வந்துவிட்டது. இறங்கி நேராகக் கொல்லை வழியாக அக்காவிடம் போயிருக்கிறார். அவள் மஞ்சள் வைத்துக் கட்டினாள். அதற்குப் பிறகு தினமும் போய்க் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார், இரண்டரை மாதம்.

"என்கிட்ட சொல்லலியே அக்கா."

"சொல்லாதன்னான். பரக்கத்துக்குத் தெரிஞ்சா ஊரக் கூட்டிடுவான்னான்."

கூட்டியிருப்பேன். ஆமாம், கூட்டியிருப்பேன். ஊரையும் கூட்டி, ஆட்டோவையும் பிடித்து, நேற்று உன்னை இழுத்துக்கொண்டு போன மாதிரி அவரையும் இழுத்துக்கொண்டு போயிருப்பேன். விரல் இருந்திருக்கும். பாதம் இருந்திருக்கும். ஆள் இருந்திருப்பார். இரண்டரை மாதம் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் மஞ்சள் அரைத்துக்கொண்டு இருந்திருக்கிறாய், இந்தப் பக்கம் நான் உனக்குக் குழம்பு கொடுத்து அனுப்பிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

என் சிரிப்பால் அவர் நின்றுவிடவில்லை. அதை நினைத்து நிம்மதியாக அழக்கூட முடியவில்லை, இவள் மேல் அவ்வளவு கோபம் வருகிறது. அவர் மேல் அதைவிடக் கோபம். பொண்டாட்டி சத்தம் போடுவாள் என்று காலைக் கொடுத்த மனுஷனை என்னவென்று சொல்வது?

ஆட்டோவில் திரும்பும்போது மருந்துப் பையை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 8, வெள்ளி

ஏறக்குறைய மூன்று மாதமாக லட்சுமிக்குக் கதவைத் திறக்காமல், புண்ணை மூடிக்கொண்டு, நான் குதிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாள். அவளே தனக்குப் போட்டுக்கொண்ட தண்டனையா அது? இருக்கலாம். அதற்காக நான் இரக்கப்பட வேண்டுமா? முடியாது.

கட்டு மாற்றினேன். பேசவில்லை.

செப்டம்பர் 15, வெள்ளி

கட்டு மாற்றினேன். பேசவில்லை. 149.

செப்டம்பர் 23, சனி

அக்தரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுவிட்டு, இனி அத்தைக்குக் கட்டு மாற்ற நீ போகாதே, நர்ஸ் வைத்துவிடலாம் என்றாள். நர்ஸ் எதற்கு, அந்தப் புண்ணை என் கண்ணால் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும் என்றேன்.

அக்டோபர் 18, புதன்

வெறும் வயிற்றில் 128. ஊசி வேண்டாம் என்று டாக்டர் போனில் சொல்லிவிட்டார்.

இன்று இத்தா முடிந்தது. ஹஜ்ரத் வீட்டம்மா வந்து துஆ ஓதிவிட்டுப் போனார். காலையில் இருபத்தைந்து நிமிஷம் ஆடிவிட்டு, குளித்து, பஞ்சும் மருந்தும் எடுத்துக்கொண்டு கொல்லை வழியாகப் போனேன். ஆமினா அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்கு நீ வெளிய போலாமே. போய்ட்டு வாயேன்" என்றாள்.

"காலைக் காட்டுங்க" என்றேன். ஆறு வாரத்தில் நான் அவளிடம் பேசின முதல் பேச்சு.

அவள் காட்டவில்லை. புடவையை இழுத்து மூடிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

"மன்னிச்சிட்டியா பரக்கத்து?"

இல்லை என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. அவள் தலையை ஆட்டினாள், அதுதான் சரி என்பது போல. பிறகு மெதுவாகக் காலைத் தூக்கி என் மடியில் வைத்தாள். புண் முக்கால்வாசி மூடிவிட்டது. நாளைக்கும் கட்ட வேண்டும்.