பக்கத்துக் கட்டில் ஈரல் சாறு

ஐப்பசி 9, செவ்வாய்
விடியும் முன்பே மழை. நனைந்த சேலையோடு ஆஸ்பத்திரி. என் வீட்டுக்காரருக்குத் தொடையில் நரம்பை அறுத்துக் கட்டி இன்று ஆறாம் நாள். துறைமுகத்தில் நாளெல்லாம் நின்றே மூட்டை எண்ணியதில் காலில் நரம்பு புடைத்துப் புண் வைத்துப்போனது. தையல் போட்ட இடம் இன்னும் கூடவில்லை. டாக்டர் அவர் கண் இமையை இழுத்துக் காட்டினார். வெள்ளைத் தாள் போல.

"ரத்தம் ரொம்பக் கம்மி. ஆட்டு ஈரல் குடுங்கம்மா. இப்படியே இருந்தா புண்ணுல சீழ் பிடிக்கும். அப்புறம் காலை எடுக்கும்படி ஆயிரும்."

தலையை ஆட்டினேன். திருச்செந்தூர் முருகனுக்கு நான் நேர்ந்திருப்பதை டாக்டரிடம் எப்படிச் சொல்ல? இவர் எழுந்து நடக்கும்வரை வீட்டிலும் இவர் வாயிலும் கவிச்சி இல்லை என்று.

பக்கத்துக் கட்டில், வேம்பார் தோணிக்காரர். அதே நாள், அதே டாக்டர், அதே ஆபரேஷன். எழுந்து உட்கார்ந்து பீடி கேட்கிறார். அவர் பெண்டாட்டி லூர்து தூக்குச் சட்டியில் ஈரல் சாறு கொண்டுவருகிறாள். வார்டு முழுக்க மிளகு வாசம். அவளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவள் புருஷனுக்கு மட்டும் ஏன்.

ஐப்பசி 10, புதன்
தூறல். ரேஷனில் மண்ணெண்ணெய் இல்லை. கொண்டுபோனது: முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் ஆறு, திருநீறு. கீரை பாதி மிச்சம்.

ஐப்பசி 13, சனி
வெயில். இமைக்குள் கொஞ்சம் சிவப்பு. புண்ணின் ஓரம் கூடுகிறது. டாக்டர்: "என்ன குடுக்கீங்களோ, நிறுத்தாதீங்க." லூர்து காதில் விழட்டும் என்றே, முருகன் பார்த்துக்கொண்டான் என்று உரக்கச் சொன்னேன். அவள் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஐப்பசி 14, ஞாயிறு
இன்று சீக்கிரமே போனேன். இவர் கட்டில் ஓரத்தில் லூர்து. அவள் சட்டியைப் பிடித்திருக்க, இவர் குடிக்கிறார். என் கீரையை ஒருநாளும் இப்படி ஆசையாய்ச் சாப்பிட்டதில்லை.

"எத்தன நாளா?" என்றேன்.

"அஞ்சு நாளு. பசிச்சுது, குடிச்சேன். என்ன இப்ப?"

லூர்து சொன்னாள்: "கோவிச்சுக்கிடாதிய அக்கா. வாசம் புடிச்சிக்கிட்டு இங்கனயே பார்த்துக்கிட்டுக் கெடந்தாரு. நாளைக்கு எங்கள வீட்டுக்கு அனுப்புதாவ. பொறவு நீங்கதான் குடுக்கணும்."

வீட்டுக்கு வந்து அழுதேன். நேர்ச்சை முறிந்தது ஒரு பக்கம். அவள் கையால் வாங்கிக் குடித்தாரே, அந்த எரிச்சல்தான் பெரிது. அதையும் முருகனிடம் மறைக்கவில்லை. நேர்ச்சையை என் தலைக்கு மாற்றிக்கொண்டேன். ஆயுள் முழுக்க நான் கவிச்சி தொடமாட்டேன். அவர் சாப்பிடட்டும்.

ஐப்பசி 15, திங்கள்
ஈரல் வாங்கி, புறவாசலில் தனி அடுப்பு மூட்டி, மிளகு தட்டிப்போட்டுச் சாறு வைத்தேன். உப்புப் பார்க்க வழியில்லை. நாக்கில் வைக்கக் கூடாதே.

அவர் ஒரு வாய் குடித்துவிட்டுச் சட்டியை மூடினார். "அவ வச்ச மாதிரி இல்ல."

லூர்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். வேறு யாரிடம் போக? சட்டியை அவளிடமே நீட்டினேன். உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். "உப்பே இல்லக்கா." தன் டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினாள். அவரிடம் நீட்டவில்லை. என் கையில் கொடுத்துவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டாள்.

முழுவதும் குடித்தார்.