சத்து மாத்திரை

அன்புள்ள அப்பாவுக்கு,

ஃபார்மசி கடைசிப் பரீட்சை முடிஞ்சுது. இனி என்னை மருந்துக்கடைக்காரின்னு தாராளமா கிண்டல் பண்ணலாம்.

நேத்து அம்மா உங்க மாத்திரை அட்டையை ஃபோட்டோ எடுத்து அனுப்பினாங்க. "சத்து மாத்திரைன்னு சொல்றாரு, நிஜமாடி?"ன்னு கேட்டாங்க. அட்டையில புற்றுநோய் மருந்தோட பேரைப் படிச்சதும் கொஞ்ச நேரம் வெளியில போய் நின்னுட்டு வந்தேன். ஃபோன்ல பேசினா குரல் காட்டிக்கொடுத்துடும், அதான் எழுதறேன்.

தொண்டையில இறங்கலன்னு வழக்கம்போல பாதியா உடைக்காதீங்க, முழுசா முழுங்கணும். வாந்தி வந்தா என்கிட்டயாவது சொல்லுங்க. என் படிப்பு கெட்டுடும்னுதானே வாயே திறக்கல? வந்து வச்சுக்கறேன் உங்களுக்குக் கச்சேரி.

அம்மாகிட்ட ஆமாம், சத்து மாத்திரைதான்னு சொல்லிட்டேன். படிச்சு முடிச்சு நான் சொன்ன முதல் பதிலே பொய். ஞாயித்துக்கிழமை வர்றேன். அதைத் திருத்திச் சொல்லும்போது நீங்க என் பக்கத்துல உட்காரணும்.

உங்க மருந்துக்கடைக்காரி