மோகனா கம்பெனி பார்க்கப் போன சனிக்கிழமை

அவிநாசி,
25.1.2007

அன்புள்ள மாமாவுக்கு,

நிர்மலா எழுதுவது. நானும் நம் மகள் மோகனாவும் நன்றாக இருக்கிறோம். லூதியானாக் குளிருக்கு இரண்டு சட்டையாகச் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஊருக்கெல்லாம் ஸ்வெட்டர் பின்னும் கம்பெனியில் இருந்துகொண்டு உங்களுக்கு ஒன்று வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறீர்களே, உங்களை என்ன செய்வது.

இதைப் போனில் சொன்னால் "சரி சரி" என்று வைத்துவிடுவீர்கள். மோகனாவும் பக்கத்திலேயே நிற்பாள். அதனால்தான் எழுதுகிறேன்.

அவள் பள்ளிக்கூடமும் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியும் சேர்ந்து, பத்தாவது பிள்ளைகளுக்கு என்னென்ன வேலை இருக்கிறது, அதற்கு என்ன படிக்க வேண்டும் என்று காட்டுகிறார்கள். போன சனிக்கிழமை கம்பெனி பஸ்ஸிலேயே கூட்டிப் போனார்கள். போவதற்கு முன் இரண்டு நாளாக அதே பேச்சு. யூனிஃபார்மை அவளே தேய்த்துக்கொண்டாள், பாருங்களேன்!

எல்லா செக்ஷனும் சுற்றிக் காட்டிவிட்டு, கம்ப்யூட்டரில் சட்டைக்கு அளவு வரைந்து பேட்டர்ன் போடும் ரூமுக்குப் போனதும் டீச்சர் தலையை எண்ணியிருக்கிறார். ஒன்று குறைந்திருக்கிறது. திரும்பி வந்து தேடினால், நம் மோகனா பிசிறு வெட்டும் பெண்களோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டீசர்ட்டில் நூல் வெட்டிக்கொண்டிருந்தாளாம். யாரும் உட்காரச் சொல்லவில்லை. வேலைக்கு வருகிற யாரோ ஒருத்தியின் மகள், லீவுக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து, சூப்பர்வைசர் இன்னொரு கட்டு டீசர்ட்டையும் அவள் பக்கம் தள்ளி, "வெரசா முடிங்க கண்ணு" என்றாராம்.

கூட வந்த பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். டீச்சர் என்னிடம் சொன்னபோது நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கேட்டேன். உட்கார வேண்டும் என்று நினைக்கவே இல்லை, துணியைப் பார்த்ததும் கை தானாகப் போய்விட்டது என்றாள். அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை மாமா. ஸ்கூல் விட்டு வந்ததும், கம்பெனியிலிருந்து நான் கொண்டுவரும் துணியை என்னோடு உட்கார்ந்து மூட்டை மூட்டையாகப் பிசிறு வெட்டியவள்தானே, கை வேறு எங்கே போகும்?

அந்தக் கம்பெனியில் அன்புசெல்வி என்று ஒரு மேடம் இருக்கிறார்கள். திட்டவில்லையாம். இவளைத் தனியாகக் கூட்டிப்போய், நாற்காலியில் உட்கார வைத்து, அவள் வெட்டிய அதே டீசர்ட்டின் கழுத்தைக் கம்ப்யூட்டரில் காட்டியிருக்கிறார்கள். கோட்டை இழுத்தால் கழுத்து மாறுகிறதாம். அன்றிலிருந்து கிழித்த காலண்டர் தாள் ஒன்றைக்கூட நான் தூக்கிப்போட முடியவில்லை. எல்லாவற்றின் பின்னாலும் கழுத்து, காலர், கை. சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழுவதில்லை. இது மட்டும் அப்படியே உங்கள் குணம்.

பதினொன்றாவது சேருகிற பிள்ளைகளுக்குப் பெரிய லீவில் அந்த மேடமே பேட்டர்ன் போடக் கற்றுத்தருவார்களாம். ப்ளஸ் டூ முடித்தால் அதற்கென்று டிப்ளமோ படிப்பும் இருக்கிறதாம்.

பரீட்சை முடிந்ததும் அவளைப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்கு விடுவதாக, ஆள் சேர்க்கும் தங்கவேலு அண்ணனிடம் நீங்கள் சொல்லி வைத்திருப்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு நானும் சரி என்றேன். இப்போது எனக்கு மனசு வரவில்லை. அவளுக்கு நாம் பேசிவைத்தது இன்னும் தெரியாது. படிக்கப் போகிறோம் என்றே நம்பிக்கொண்டிருக்கிறாள்.

உங்களைக் கேட்காமல் ஒன்று செய்துவிட்டேன். வீட்டுக்கு மூட்டை கொண்டுவருவதை நிறுத்திவிட்டேன். கைச்செலவுக்கு இழுபறியாகத்தான் இருக்கும், சமாளித்துக்கொள்கிறேன். கோபம் என்றால் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கெட்ட எண்ணத்தில் முடிவு செய்யவில்லை. தனியாக அங்கே கிடந்து பாடுபடுகிறவருக்கு எத்தனை கவலை இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? படிக்கட்டும் என்றால் தங்கவேலு அண்ணனுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், போதும். வேண்டாம் என்றால் அதைப் போனில் சொல்லாதீர்கள், எழுதியும் அனுப்பாதீர்கள். ரயில் ஏறி வந்து, அவள் முகத்தைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
நிர்மலா