ஆடும் தரையில் நாற்காலிகள்

மார்ச் 3, 1992. செவ்வாய்

தொண்டையில் ஒன்றும் இல்லை, ஆனால் காலையிலிருந்து கனைத்துக்கொண்டே இருக்கிறேன். பயம் வந்தால் எனக்கு இப்படித்தான்.

தோர்த்தியா ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்தபோது நாஷ்வில்லிலிருந்து ப்ரூயிட் கூப்பிட்டார். ரெக்கார்டு கம்பெனியில் பாட்டுப் பதிவையெல்லாம் பார்த்துக்கொள்கிறவர். பேசி முடிப்பதற்குள் கல்லில் போட்டது கருகிப் போயிற்று. என் ஆங்கிலப் பாட்டு ஒக்லஹோமா வரைக்கும் ரேடியோவில் ஓடுகிறதாம். முழு ஆல்பமே போட்டுவிடலாம் என்கிறார்களாம். பதினான்கு வயதிலிருந்து கல்யாணம், திருவிழா, சனிக்கிழமை ஆட்டம் என்று தொண்டை கிழியப் பாடியவளுக்கு முப்பத்தாறு வயதில் இது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம்தான் அவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"அக்கார்டியன் மட்டும் வேண்டாம்மா. கன்ட்ரி பாட்டு ஸ்டேஷன்ல அந்தச் சத்தம் வந்தா உடனே திருப்பிடறாங்க. ஸ்டீல் கிட்டார் வச்சுக்கலாம்."

அக்கார்டியன் என்றால் நிகானோர். என் அண்ணன். நான் பாட ஆரம்பித்த நாளிலிருந்து அவன்தான் அந்தப் பெட்டியை வாசிக்கிறான். அவன் இல்லாமல் நான் ஒரு மேடையும் ஏறியதில்லை. நான் என்ன சொன்னேன்? சரி என்றேன். அதுவும் எவ்வளவு சீக்கிரம்! யோசித்துச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

அண்ணனிடம் எப்படிச் சொல்லப் போகிறேன்.

மார்ச் 5. வியாழன்

சொல்லவில்லை. வேனுக்கு அடியில் படுத்து எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தான். அவன் கால் மட்டும்தான் தெரிந்தது. காலிடம் எப்படிச் சொல்வது.

மார்ச் 8. ஞாயிறு

நேற்று ஃபால்ஃபூரியாஸில் ஒரு கல்யாணம். நல்ல கூட்டம். முதல் பாட்டிலேயே தரை நிறைந்துவிட்டது. ஜோடி ஜோடியாக இடது பக்கமாகவே சுற்றிச் சுற்றி வந்தார்கள், எல்லாரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. எங்கள் ஊர்ப்பக்கத்தில் பாடுகிறவளை யாரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். பார்த்தால் ஏதோ கோளாறு என்று அர்த்தம். தாளம் தப்பியிருக்கும், இல்லாவிட்டால் உள்பாவாடை தெரியும்.

ஆல்பம் விஷயத்தை அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன், அதுவும் பாதியைத்தான். அம்மா வாய் சும்மா இருக்குமா? ஸ்பீக்கரை ஏற்றும்போது அண்ணன் கேட்டான்: "ஏண்டி டெல்ஃபி, நாஷ்வில்லுக்குச் சிவப்புப் பெட்டிய எடுத்துக்கவா, கறுப்ப எடுத்துக்கவா?"

நான் சிவப்பு என்றேன்.

இன்று காலை மெனூதோ குடல் குழம்பு சாப்பிட்ட கையோடு அவன் சான் அன்டோனியோவுக்குக் கிளம்பிவிட்டான், சிவப்புப் பெட்டியைச் சுருதி பார்த்து வர. நான் ஜன்னல் வழியாகக் கை வேறு ஆட்டினேன். என்ன ஜென்மம் நான்?

மார்ச் 14. சனி

சொல்லிவிட்டேன். வேனில், ஹெப்ரான்வில் போகிற வழியில். மற்றவர்கள் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவன் வண்டி ஓட்டிக்கொண்டிருந்ததால் என்னைத் திரும்பிப் பார்க்கவேண்டியதில்லை, அதனால்தான் அந்த நேரத்தைப் பிடித்தேன். ஒரு மாட்டு லாரியை முந்திய பிறகு, "சரி விடு. நான் வந்தா அந்த ஊர்க்காரனுங்க தூங்கமாட்டானுங்க" என்றான். சிரிக்க முயன்றேன்.

கொஞ்சம் கழித்து, "உனக்குச் சம்மதந்தானே?" என்று கேட்டான்.

ம் என்றேன். அப்போ அவ்வளவுதான் என்று ரேடியோவைத் திருப்பினான்.

ஆட்டத்தில் ஒரு இடத்தில்கூடத் தப்பாமல் வாசித்தான். எங்கேயாவது தப்பவிட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 9. வியாழன். நாஷ்வில்

இங்கே எல்லாரும் தங்கமானவர்கள். காப்பி வேண்டுமா, குளிர்கிறதா, நாற்காலி சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு டெல்லா ரே என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புகிறேன்.

இன்று ஒரு வெட்கக்கேடு. ஒவ்வொரு வரி முடிந்ததும் நான் நிறுத்துகிறேன். எனக்கே தெரியாமல். ப்ரூயிட் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, ஏம்மா அங்கே நிறுத்துகிறாய், மூச்சு முட்டுகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். இன்னொரு முறை பாடினேன், மறுபடியும் அதே இடத்தில் நின்றேன். அப்புறம்தான் உறைத்தது. அங்கே அண்ணன் பதில் வாசிப்பான். நான் ஒரு வரி சொன்னால் அவன் பெட்டி ஒரு வரி சொல்லும். பேச்சு மாதிரி. இத்தனை வருஷமாக அவன் பேசி முடிக்கும் வரை நான் காத்திருந்திருக்கிறேன், அதுதான் பாட்டு என்று நினைத்துக்கொண்டு.

ஸ்டீல் கிட்டார்காரர் பெரிய வித்வான். அந்த இடைவெளியில் இழைய இழைய ஏதோ வாசித்தார். ரொம்ப அழகாகத்தான் இருந்தது. கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மே 20. புதன்

ஆல்பத்தை எங்கள் ஊரிலேயே வெளியிடப் போகிறார்கள். ஜூன் ஆறாம் தேதி, ஆலிஸில், லாஸ் பால்மாஸ் ஹாலில். நான் முதல்முதலில் பாடிய ஹால். படம் வேறு பிடிக்கிறார்களாம். ஆங்கிலப் பாட்டுக்கு எங்கள் ஜனங்கள் ஆடுவார்களா? தரை காலியாகக் கிடந்தால்? காலித் தரையைப் பார்த்தபடி பாடுவதைப் போல ஒரு நரகம் கிடையாது. நல்லவேளை, கன்ட்ரிக்கு ஆடுகிறவர்களும் அதே இடது பக்கமாகத்தான் சுற்றுகிறார்கள். கால் பழகிவிடும். பழகிவிடுமா?

கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, முந்நூறு நாற்காலி போதுமா என்று கேட்டாள். எங்கள் ஆட்கள் குஞ்சு குளுவானோடு வருவார்கள், இன்னும் நிறையப் போடுங்கள் என்றேன்.

அண்ணனைக் கூப்பிட்டேன். வருகிறேன் என்றான். வாசிக்க இல்லை, பார்க்க. "உன் பாட்டுக்கு ஆடினதே இல்லையே நான். பெட்டியும் கையுமாவே காலம் போயிடுச்சு. அன்னிக்கு உங்க அண்ணிய ஒரு சுத்து சுத்தறேன் பாரு" என்றான். பழைய குரல். எனக்கு உயிர் வந்தது.

ஜூன் 7. ஞாயிறு

நாற்காலி. நான்தான் போடச் சொன்னேன். நானேதான்.

எங்கள் ஹாலில் நாற்காலி என்றால் சுவரோரம் மேஜையைச் சுற்றி இருக்கும். கால் வலித்தால் உட்கார, குழந்தையைத் தூங்கவைக்க, கைப்பையைக் காவல் காக்க. நடுவில் தரை. இதை யாராவது யாருக்காவது சொல்வார்களா? எனக்குச் சொல்லத் தோன்றவே இல்லை. போய்ப் பார்த்தால் ஆடுகிற தரை முழுக்க வரிசை வரிசையாக நாற்காலி. சர்ச் மாதிரி. சாவு வீடு மாதிரி.

ஜனங்கள் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். என் சிநேகிதி செலோ புதுப் பாவாடை, சுற்றினால் குடையாக விரிகிற தையல். வாசலில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஒழுங்காக உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் ஆட்கள் விருந்துக்குப் போன வீட்டில் எதுவும் கேட்கமாட்டார்கள். சொந்த ஊரில், சொந்த ஹாலில், விருந்தாளியாக உட்கார்ந்திருந்தார்கள்.

எல்லாத்தையும் மடக்குங்கடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மேடையிலிருந்து நான் சொல்லியிருந்தால் ரெண்டே நிமிஷத்தில் தூக்கிப் போட்டிருப்பார்கள். சொல்லலை. வாய் வரைக்கும் வந்துச்சு. கேமரா இருந்தது, ப்ரூயிட் இருந்தார், கோட்டுப் போட்ட நாலு பேர் இருந்தாங்க. பட்டிக்காட்டு ஜனம்னு நினைச்சிடுவாங்களோன்னு கூசிட்டேன். யாரைப் பார்த்துக் கூசினேன்? எங்கம்மாவையா? அண்ணனையா?

பாடினேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அத்தனை முகங்களை ஒன்றாக நான் பார்த்ததே இல்லை. எனக்கு அவர்கள் முதுகுதான் தெரியும். அண்ணன் மூன்றாவது வரிசையில், இஸ்திரி போட்ட சட்டை, பக்கத்தில் அண்ணி. முழங்காலில் கையை வைத்தபடி இருந்தான். நான்காவது பாட்டின்போது பார்த்தேன், அண்ணி இருந்தாள், அவன் இடம் காலி.

முடிந்ததும் செலோ வந்து, ரொம்ப நல்லா இருந்துச்சு டெல்ஃபினா என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னதே இல்லை. கால் செத்துப்போச்சுடி பாவி என்றுதான் திட்டுவாள். ப்ரூயிட்டுக்கு வாயெல்லாம் பல். என்ன மரியாதையாகக் கேட்டார்கள் பார்த்தாயா, ஒரு சத்தம் இல்லை என்றார்.

ஜூன் 9. செவ்வாய்

அண்ணன் போனை எடுக்கவில்லை. அண்ணி எடுத்து, குளிக்கிறார் என்றாள். மத்தியானமும் குளிக்கிறார் என்றாள்.

ஜூன் 11. வியாழன்

நேரிலேயே போனேன். கொல்லையில் வேலிக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தான். நாற்காலி விஷயத்தைச் சொன்னேன், தெரியாமல் நடந்துவிட்டது என்றேன். பிரஷ்ஷைக் கீழே வைக்காமலேயே சொன்னான்:

"பெட்டி வேணாம்னாங்க, சரின்னேன். அது தொழில். ஆனா ஜனங்க எழுந்து ஆடக்கூட வழியில்லாம உக்கார வச்சுட்டியேடி. நீ மேல, நாங்க கீழயா?"

அவன் மறுபடி வேலியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். வண்ண வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது.

ஆகஸ்ட் 2. ஞாயிறு. டல்ஸா

ஆல்பத்தோடு ஊர் ஊராகப் போகிறேன். இங்கே கைதட்டல் பலமாக இருந்தது. வலது காது அடைத்திருக்கிறது. அம்மாவிடம் பேசினேன், அண்ணனைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

செப்டம்பர் 11. வெள்ளி. எங்கோ கான்சஸில்

அண்ணன் ஒரு புதுப் பெண்ணைப் பாடவைத்து மறுபடி சனிக்கிழமை ஆட்டங்களுக்கு வாசிக்கிறானாம். பெனாவிதெஸ் ஊர்க்காரி, யதீரா என்று பெயர், பத்தொன்பது வயதாம். அம்மா சொன்னாள். நல்லதுதான் என்றேன். நல்லதுதானே? அவன் பெட்டியைப் பரணில் போட்டுவிடுவானோ என்று எத்தனை நாள் பயந்தேன். இப்போது அவன் பதில் வாசிப்பது அவளுக்கு. அவள் காத்திருக்கிறாளா, இல்லை அவசரக்குடுக்கையா?

பொறாமைதான். வேறென்ன.

அக்டோபர் 14. புதன்

ஊருக்கு வந்திருக்கிறேன், அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக. நன்றாக முடிந்தது. அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்து போனானாம், நான் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்து. செலோ வந்து, சனிக்கிழமை லாஸ் பால்மாஸில் அவன் ஆட்டம், வா என்கிறாள். அவன் என்னைப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடி வைத்துவிட்டால்? அத்தனை பேர் முன்னால்? போகமாட்டேன்.

அக்டோபர் 18. ஞாயிறு

போனேன்.

தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு, கூட்டம் நிறைந்த பிறகு உள்ளே நுழைந்தேன். யதீரா நன்றாகப் பாடுகிறாள், சுருதியைக் கொஞ்சம் மேலே இழுக்கிறாள், சரியாகிவிடும். அண்ணன் சிவப்புப் பெட்டியோடு, தலை குனிந்து, எப்போதும் போல. கொஞ்சம் இளைத்திருக்கிறான். சுவரோரமாக நின்றேன். முதலில் ஒரு பெண் அடையாளம் கண்டுகொண்டாள். அப்புறம் அவள் புருஷன். இரண்டு ஜோடி நின்றுவிட்டது, பின்னால் வந்தவர்கள் அவர்கள்மேல் மோதிக்கொண்டார்கள். நின்றது மேடையைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. போச்சு, அண்ணன் ஆட்டத்தையும் கெடுத்துவிட்டேன். வெளியே ஓடிவிடலாம் என்று வாசலைத் தேடினேன்.

ஃபெர்மின் வந்து கையைப் பிடித்தான். என்னோடு பள்ளிக்கூட பஸ்ஸில் வந்தவன், இப்போது வெல்டர். "நீ நின்னா எல்லாரும் நின்னுடுவாங்க டெல்ஃபினா. வா, காலை எடு" என்று இழுத்துக்கொண்டு போனான்.

எனக்கு ஆடத் தெரியவில்லை. அவன் காலை இரண்டு முறை மிதித்தேன். பதினான்கு வயதில் மேடை ஏறியவள், அண்ணன் வாசிப்புக்கு ஒருநாளும் கீழே நின்று ஆடியதில்லை. கீழே பாட்டே கேட்காது போலிருக்கிறது. யதீரா என்ன வரி பாடினாள் என்று கேட்டால் சொல்லமுடியாது. பெட்டிச் சத்தம் முழங்காலில் வந்து இடிக்கிறது, கால் தானாகப் போகிறது. ஒரு சுற்று முடிவதற்குள் யாரும் என்னைப் பார்க்கவில்லை. அவரவர் ஜோடி, அவரவர் வேலை.

அந்தப் பாட்டு எனக்குத் தலைகீழ்ப் பாடம். கடைசி அடி முடிந்ததும் பெட்டி ஒரு இழுப்பு இழுத்துப் பாட்டை முடிக்கும். இழுப்பு வந்தது. நிற்கவில்லை. அண்ணன் மறுபடி முதல் அடிக்கே போனான். யதீரா அவனைத் திரும்பிப் பார்த்தாள், பாவம், பாட வரி இல்லை அவளுக்கு. தலையை மட்டும் ஆட்டினான். அவள் ஆரம்பத்திலிருந்து பாடினாள். அதுவும் முடிந்தது, அப்போதும் நிறுத்தவில்லை. டிரம் அடிக்கிறவன் சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தான். செலோ என்னைக் கடந்து போகும்போது, உங்க அண்ணனுக்குப் பேய் பிடிச்சிருக்கா, என் கால் செத்துப்போச்சுடி என்று கத்தினாள். ஃபெர்மினுக்கு மூச்சு இரைத்தது, உட்காரலாமா என்று கேட்டான்.

மேடையைப் பார்த்தேன். அண்ணன் நிமிரவே இல்லை. எங்கள் தொழிலில் வாசிக்கிறவன் யாருக்காகவாவது பாட்டை நீட்டினால், அந்த ஆள் தரையை விட்டுப் போகும்வரை நிறுத்தமாட்டான். நான் சுவரோரம் போனால் நிறுத்திவிடுவான் என்று தெரிந்தது.

நான் போகவில்லை.