வெள்ளிக்கிழமை ஜன்னலின் நிறம்

18 அக்டோபர் 2005, செவ்வாய். பிளசன்டன்

மூடுபனி. நோன்பு பதினாலு. செய்ய வேண்டியவை: பால், மகள் நஸ்ரினுக்குப் பல் டாக்டர், காமிக்ஸ் பக்கம் 22.

பக்கம் 22 வெறும் கறுப்புக் கோடுகளாக வரைந்து வந்துவிட்டது. வண்ணம் என் பாடு. பறக்கும் நம் முகமூடி ஹீரோ எதிர்க் கூரையில் உட்கார்ந்து தன் வீட்டு ஜன்னலைப் பார்க்கிறான். உள்ளே அம்மா, கையில் தீக்குச்சி, முன்னால் இரண்டு மெழுகுவர்த்தி, யூத வீடுகளில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏற்றுவது. அவன் யூதன் என்பது கதை எழுதும் ரூத்துக்கு ஐந்து வருடமாகத் தெரியும். காமிக்ஸ் வாசகர்களுக்கு இப்போதுதான் தெரியப்போகிறது.

வானத்துக்கு ராத்திரி நீலம். அழகோ அழகு! பசி மயக்கத்தில் கொஞ்ச நேரம் நானும் அந்தக் கூரையில் இருந்தேன்.

19, புதன்

சான் ஹோசேயிலிருந்து எடிட்டர் மைக்கின் மெயில். ஹீரோ எல்லாருக்கும் பொதுவானவனாம். மெழுகுவர்த்திக்கு அடியில் ஒரு பர்த்டே கேக் போட்டுவிட வேண்டுமாம்.

கேக்காம், கேக்!

ரூத்துக்கு போன். "முகமூடி ஹீரோக்களை முதல்ல உருவாக்கினவங்கள்ல நிறையப் பேர் எங்க யூத ஆளுங்க, ஜமீலா. ஆனா ஒரு ஹீரோ வீட்டுலயும் வெள்ளிக்கிழமை வந்ததே இல்ல." போனை வைத்துவிட்டாள்.

நோன்பு திறந்து சாப்பிட்டுக்கொண்டே என் வீட்டுக்காரர் ஹாஜா, "உனக்கு எதுக்கு வம்பு? கேக் போடச் சொன்னா போட்டுட்டுப் போயேன். அடுத்த மாசம் வேலை வேணுமா வேணாமா?"

வேணும். போட்டேன். ஸ்ட்ராபெரி.

நஸ்ரின் எட்டிப் பார்த்தாள். "பர்த்டேன்னா, வொய் இஸ் ஷி அலோன்?"

பக்கத்தை மைக்குக்கு அனுப்பாமல் மூடிவைத்தேன்.

20, வியாழன்

கேக்கை அழித்துவிட்டேன். மைக்கிடம் சொல்லவில்லை. ரூத்துக்கு மட்டும் அனுப்பினேன்.

உடனே போன். "கேக் போயிடுச்சு, தேங்க்ஸ்! ஆனா அந்த வானம்... இருட்டினப்புறம் அந்த அம்மா மெழுகுவர்த்தி ஏத்தவே மாட்டாங்க. சூரியன் மறையறதுக்குப் பதினெட்டு நிமிஷம் முன்னாடி ஏத்திடணும்."

நிமிஷம் பார்த்து நோன்பு திறக்கிற எனக்கு இது தோன்றவில்லையே! மானம் போச்சு.

மத்தியானத் தூக்கத்தில் கனவு. நம் கொல்லைப் புல்லில் ஹீரோ நிற்கிறான், முகமூடி வேலியில் காய்கிறது. "இப்ப உள்ள போகலாமா?" என்கிறான். நான் மணியைப் பார்க்கிறேன்.

21, வெள்ளி

நல்ல வெயில். நோன்பு திறப்பு 6.22. பதினெட்டைக் கழித்தால் 6.04. பக்கம் ஆறு மணிக்குள் மைக்குக்குப் போக வேண்டும். அவர் காத்திருக்கட்டும்.

6.04க்குக் கொல்லையில் நின்றேன். மலைமேல் பலாச்சுளை மஞ்சள், ஓரத்தில் லேசாக ரோஸ். ஓடிவந்து பூசினேன். 6.12க்கு அனுப்பினேன்.

6.17. போன். மைக்.

"ரூத் போன் எடுக்கல. கேக் எங்க?"

விளக்கேற்றி ஓய்வுநாள் தொடங்கிய பிறகு ரூத் போனைத் தொடமாட்டாள். இனி நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

"நான்தான் எடுத்துட்டேன். அது அவன் வீடு, மைக்."

"நீங்களும் யூதரா?"

"இல்ல, முஸ்லிம். நோன்பு திறக்க நாலு நிமிஷம் இருக்கு. பக்கத்தை அனுப்புறீங்களா இல்லையா, சீக்கிரம் சொல்லுங்க."

வேலை போச்சு என்று நினைத்தேன். ஹாஜா வாசலில் நின்று மணிக்கட்டைத் தட்டிக் காட்டுகிறார்.

"ஏத்தினதும் ரெண்டு கையாலயும் கண்ணைப் பொத்திக்குவாங்க," என்றார் மைக், ரொம்ப மெதுவாக. "எங்கம்மா."

திரையில் தீக்குச்சியோடு நிற்கும் அந்த அம்மாவைப் பார்த்தேன்.

"நான் யாருன்னு ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது. பக்கம் அப்படியே பிரஸ்ஸுக்குப் போகுது."

6.24. பேரீச்சம்பழம். இரண்டு நிமிஷம் தாமதம்.