அக்காவின் போனில் இருக்கும் அப்பா

அன்புள்ள அப்பா, உலு திராமில் இருக்கும் நம் வீட்டிலிருந்து உங்களோடு சண்டை போடத்தான் இதை எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் செய்தி. அக்கா மேற்படிப்புக்கு வெளிநாடு போகப் போகிறாளாம். அதற்கு ஜிஆர்ஈ என்று ஒரு தேர்வு. வேலை முடிந்து வந்து குளித்ததும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிடுகிறாள். அகராதியில் தூங்கிக்கொண்டிருந்த ஆங்கிலச் சொற்களையெல்லாம் அட்டைகளில் எழுதி வைத்திருக்கிறாள். நான் சொல்லைப் படிப்பேன், அவள் பொருள் சொல்வாள். கேட்டுக் கேட்டு எனக்கே பாதி மனப்பாடம். எனக்கும் இந்த வருடம் எஸ்பிஎம், பள்ளியின் கடைசித் தேர்வு என்பது வீட்டில் யாருக்காவது நினைவிருக்கிறதா?

அத்தை வந்திருந்தார். அட்டைக் கட்டைப் புரட்டிவிட்டு, "பெரியவளுக்கு அண்ணன் மூளை லா," என்றார்.

"அப்போ எனக்கு?"

"உனக்கு அண்ணன் வாய்!"

அம்மாவும் சேர்ந்து சிரித்தார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். படிக்க உட்காரும் முன் அக்கா இயர்போனை மாட்டிக் கண்ணை மூடி ஏதோ கேட்பாள். பாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். போன வாரம் இயர்போன் சரியாக இணையவில்லை. நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு முதல் தடவையாக, மேசை முழுக்க உங்கள் குரல்.

அக்கா பல்கலைக்கழக விடுதியில் இருந்தபோது பாடக் குறிப்புகளைப் படமெடுத்து அனுப்புவாளாம். நீங்கள் அதிலிருந்து கேள்விகளைப் படித்துக் குரல் செய்தியாக அனுப்புவீர்களாம். நான் பக்கத்திலேயே இருந்தேன். பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு யார் குரல் செய்தி அனுப்புவார்கள்? அதனால் என் போனில் நீங்கள் இல்லை, அப்பா. இது என்ன நியாயம்?

"எனக்கும் அனுப்பு," என்றேன்.

அக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள். "முடியாது. எனக்குன்னு இருக்கிறது இது ஒன்னுதான்."

"இதையும் எடுத்துக்கிட்டு பிளேன் ஏறிடுவே. அப்புறம் எனக்கு என்ன இருக்கு?"

"நீ பேசுவ லா. இந்தா, நல்லா கேளு."

அக்கா ஒரு செய்தியை ஒலிக்கவிட்டாள். நீங்கள் ஓட்டிய தொழிற்சாலைப் பேருந்தின் இஞ்சின் சத்தம். மெதுவாக ஒரு கேள்வியைப் படிக்கிறீர்கள். பாதியில், "இரும்மா, மிச்சத்த அப்புறம் கேக்குறேன். ஸ்கூல் விட்டுட்டாங்க. சின்னவ வந்துட்டா, பாரு, லேஸ்கூட கட்டாம ஓடி வர்றா…" அதோடு சரி. அடுத்த செய்தியும் அப்படியே. அதற்கு அடுத்ததும்.

"ஒன்னாவது முழுசா இருக்கா?" என்றாள் அக்கா. "ஹாஸ்டல்ல உக்காந்துகிட்டு எனக்கு எவ்ளோ எரியும் தெரியுமா? தினமும் பஸ்ஸுல முழு அப்பாவும் உனக்குத்தான்."

என்னைக் கூப்பிட வந்து, பள்ளி வாசலில் காத்திருந்த நேரத்தையா அவளுக்குக் கொடுத்தீர்கள்? நான் ஏறியதும் போனைச் சட்டைப் பையில் போடுவீர்களே, யாரோடு பேசினீர்கள் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறேனா?

அக்கா எல்லாவற்றையும் எனக்கு அனுப்பிவிட்டாள். பொறாமை தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கேள்விகள் எல்லாம் இன்னும் அவளுடையவைதான். நான் கடைசிப் பகுதியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

ஒரு வாக்கு தருகிறேன், அப்பா. வேலைக்குப் போகும் வழியில் அவள் கேட்பதற்காக, தேர்வு வரைக்கும் அந்தச் சொற்களை என் குரலில் பதிந்து அனுப்புவேன். தேர்வுக்குப் பிறகு அவள் எவ்வளவு தூரம் போனாலும், அவள் பாடக் கேள்விகளை அனுப்புவேன். யார் வந்து கூப்பிட்டாலும் முழுக்கப் படித்து முடிப்பேன்.

லேஸ் கட்டாமல் ஓடி வந்த உங்கள் சின்ன மகள்,
தர்ஷினி