பம்பளிமாஸும்

அன்புள்ள மக சத்தியபிரியாவுக்கு, பண்ணைக்காட்டுலேர்ந்து அம்மா எழுதுறது. இங்க எல்லாரும் சொகம்னு எழுதத்தான் கை போகுது, ஆனா பொய் எழுதிப் பழக்கமில்ல, பாதிச் சொகம்னு வச்சுக்க. உங்கப்பா எந்திரிச்சு உக்காந்து கஞ்சி குடிக்கிறார், கஞ்சியில உப்பில்லன்னு என்னைய வைறார், அந்த மட்டுக்கும் தெம்பு வந்திருச்சு. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அந்த ஐயர்லாந்துக் குளுருல நல்லபடியா இருக்க பழனியாண்டவன் பாத்துக்கிடட்டும். போன்ல சொல்லாம ஏன் எழுதுறான்னு நெனப்ப. போன்ல நான் யாரையாச்சும் வைய ஆரம்பிச்சா டவர் சரியில்லம்மான்னு சொல்லி வச்சிடுவ. காயிதத்துல எழுதிப் போட்டோ பிடிச்சு அனுப்புனா கடைசி மட்டும் வாசிச்சுத்தானே ஆகணும்.

உனக்குத் தெரிஞ்ச கததான், இருந்தாலும் மொதல்லேர்ந்து சொல்றேன், அப்பத்தான் என் வயித்தெரிச்சல் உனக்குப் புரியும். உங்கப்பாவுக்கு ரத்தத்துல கேன்சர்னு வந்து, பழைய மாத்திரை கேக்காமப் போனப்ப, மதுரை ஆஸ்பத்திரியில புது மாத்திரை ஒண்ணு இருக்கு, இன்னும் கடைக்கு வரல, நோயாளிகளுக்குக் குடுத்துச் சோதிச்சுப் பாக்குறோம், சேர்றீங்களான்னு கேட்டாங்க. சோதனை எலியா ஆகப் போறியான்னு ஊர்ல கேக்காத ஆளில்ல. நீதான் அங்கேர்ந்து டாக்டர்கிட்ட பேசி, சேரச் சொல்லும்மான்ன. சேந்தார். மருந்த நான் ஒரு கொறை சொல்ல மாட்டேன். ஏறிக்கெடந்த வெள்ளையணு மளமளன்னு எறங்குச்சு, மனுசன் திரும்பக் காப்பித் தோட்டத்துக்குள்ள நடமாடுனார். எனக்கு நெனச்சாலே குமட்டுறது அங்க இருக்கிற கோஆர்டினேட்டர் பொண்ணுதான். சேர்ற அன்னைக்கு எல்லா வீட்டு ஆளுகளையும் ஒரு ஏசி ஹால்ல உக்கார வச்சு, ஒரு கையில மைக்கு ஒரு கையில செல்லு, எங்க மூஞ்சியக்கூடப் பாக்காம ஒப்பிச்சுச்சு. நாட்டு மருந்து கூடாது, வேற டாக்டர் மருந்து கூடாது, க்ரேப் ஃப்ரூட் கூடவே கூடாது, அதத் தின்னா மருந்து ரத்தத்துல தங்கி அளவு ஏறிப்போகும்னுச்சு. நாங்க முழிச்சோம். அதான் திராட்சை, திராட்சைப் பழத்தத் தொடாதீங்கன்னு தமிழ்ல வேற வெளக்கம் சொல்லுச்சு, மகராசி.

சொன்னத நாங்க எப்படிக் காப்பாத்துனோம் தெரியுமா. வீட்டுக்குள்ள ஒரு திராட்சை வரல. பக்கத்து வீட்டுப் பாயாசத்துல கெடந்த காஞ்ச திராட்சையக்கூட நான் வெளக்கு வெளிச்சத்துல பொறுக்கிப் போட்டுட்டுத்தான் உங்கப்பாவுக்குக் குடுத்தேன். ஆனா மாத்திரை தின்னு தின்னு நாக்கு செத்துப்போச்சுன்னு, எதத் தின்னாலும் மரக்கட்டையா இருக்குன்னார். நம்ம கொல்லையில பம்பளிமாஸ் காச்சுக் கெடக்குல்ல, அந்தப் புளிப்பும் கசப்பும்தான் அவர் நாக்குக்குத் தெரிஞ்சுச்சு. தெனமும் உரிச்சுக் குடுத்தேன். அட்டுவம்பட்டி ஞானம்மாவ உனக்குச் சொல்லியிருக்கேன், அதே வியாதி, அதே மருந்துல சேந்தவ, மதுரைக்குப் போற அன்னைக்குக் கொடைக்கானல் பஸ்ஸுல வந்து, நம்மூர் ரோடு பிரியிற பிரிவுல ஏறுற எங்களுக்குச் சீட்டுல துண்டு போட்டு வச்சிருப்பா. அவளுக்கும் ஒவ்வொரு தடவையும் பையில நாலு பழம் கொண்டு போவேன். அவுங்க குடும்பம் சிலோன் தோட்டத்துலேர்ந்து வந்தவுங்க, அவ அத ஜம்போலான்னுதான் சொல்லுவா. எங்கம்மா கண்டியில தின்ன பழம்க்கான்னு சொல்லிச் சொல்லித் தின்பா. பாவி நான், பாத்துச் சந்தோசப்பட்டேன். கொஞ்ச நாள்ல அவ ரெண்டு தடவ மயங்கி விழுந்தா. ஒங்க ஒடம்பு மருந்த ஏத்துக்கலம்மான்னு சொல்லி அவள மட்டும் அந்த மருந்துலேர்ந்து எடுத்துவிட்டு, கேக்காத பழைய மாத்திரையவே திரும்பக் குடுத்து வீட்டுக்கு அனுப்பிச்சாங்க.

அடுத்து உங்கப்பா. போன வாரம் குளிக்கப் போனவர் வாசப்படியில சாஞ்சுட்டார். இருதயம் தாறுமாறா அடிக்குதுன்னு மதுரையில சேத்துக்கிட்டாங்க. ரத்தத்துல மருந்து அளவு கன்னாபின்னான்னு ஏறியிருக்குன்னு சொன்னாங்க, ஏன்னு யாருக்கும் தெரியல. மறுநா காலையில நான் கட்டில் ஓரமா உக்காந்து பம்பளிமாஸ உரிச்சு, வெள்ளைத் தோல எடுத்து, சுளை சுளையா டப்பாவுல வைக்கிறேன். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் அப்படியே நின்னார். என் கையிலேர்ந்து சுளையப் பிடுங்கிட்டார்த்தா. என்னம்மா இது, இதத்தானே தரக்கூடாதுன்னு சொன்னோம்னார். நீங்க திராட்சையத்தானே சொன்னீங்கன்னேன். அவர் தலையில கை வச்சுக்கிட்டு, செல்லுல ஒரு படத்தக் காட்டுனார். பாத்தா, நீ போன வருசம் ஒரு போட்டோ அனுப்புனியே, அம்மா இங்க நம்ம பம்பளிமாஸுக்குத் தங்கச்சி மாதிரி ஒரு பழம் இருக்கு, உள்ள சேப்பா இருக்கு, சீனி போட்டு ஸ்பூன்ல தின்றாங்கன்னு, அதே பழம். அதுதானாம் க்ரேப் ஃப்ரூட். பேருலதான் திராட்சையாம், திராட்சைக்கும் அதுக்கும் ஒட்டுமில்ல ஒறவுமில்லையாம். நம்ம பம்பளிமாஸும் அது செய்ற வேலையத்தான் செய்யுமாம்.

அப்ப அந்தப் பொண்ணு வந்துச்சு. வந்து என்ன சொல்லுச்சு தெரியுமா, நான் க்ளியரா சொன்னேன் சார், பேஷண்ட் வீட்டுல ஃபாலோ பண்ணல, அப்படியே எழுதி மருந்துக் கம்பெனிக்கு அனுப்பிடலாம், கட்டுப்பாடு இல்லாத நோயாளிய வச்சுக்க மாட்டாங்கன்னுச்சு. த்தூ. என் புருசன் உசுரு இருக்கிறதே அந்த மாத்திரையில, அத ஒரு வார்த்தையில பிடுங்கப் பாக்குது. எனக்கு வந்த ஆங்காரத்துல நான் அந்தப் பொண்ணு கையப் பிடிச்சு வெளிய அதே மருந்து வாங்க உக்காந்திருந்த ஆளுக முன்னால கொண்டாந்து நிறுத்துனேன். எல்லாரும் கேட்டுக்கங்க, எந்தப் பழம் தின்னக்கூடாதுன்னு இந்தம்மா நமக்குச் சொல்லுச்சுன்னு சத்தமாக் கேட்டேன். திராட்சைன்னு அத்தன பேரும் ஒரே வாயாச் சொன்னாங்க. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல மூட்டை தூக்குறவர் சம்சாரம், பேரன் பொறந்தநா கேசரியில திராட்சையே போடலைன்னா. ஆயக்குடிக்காரர் ஒருத்தர், கொய்யா தின்னலாமான்னு கேட்டுக்கூட எனக்கு இன்னும் பதில் சொல்லலைன்னு அவர் பங்குக்கு ஏறுனார். டாக்டர் மொகம் செத்துப்போச்சு. அந்தப் பொண்ணுகிட்ட இங்கிலீஷ்ல என்னமோ சொன்னார். உங்கப்பாவுக்கு மாத்திரைய நிறுத்தி வச்சு, நெஞ்சு சரியானதும் அளவக் கொறச்சுக் குடுக்குறோம், எடுத்துவிட மாட்டோம்னு எனக்கு வாக்குக் குடுத்தார்.

சரி, தப்பு நடந்துபோச்சு, ஒரு வார்த்தை மன்னிச்சுக்கங்கன்னு சொல்லியிருந்தா நானும் விட்டிருப்பேன். சாயங்காலம் அதே பொண்ணு பவுடர் பூசிச் சிரிச்ச மொகமா வந்து, எல்லாரையும் கூப்பிட்டு, இனிமே பம்பளிமாஸும் சாப்பிடாதீங்கன்னுச்சு. கேட்டியா. பம்பளிமாஸும்! நான் தப்பாச் சொல்லிட்டேன்னு இல்ல, திராட்சை தின்னலாம்னு இல்ல, புதுசா ஏதோ சட்டம் வந்த மாதிரி, பம்பளிமாஸும். அந்த ஒரு 'உம்'முல பூராத்தையும் மூடிடுச்சு. அங்க இருந்ததுகள்ல பாதி இன்னமும் திராட்சையப் பாத்தா பயந்து ஒதுங்கும், என்னத்துக்குன்னு தெரியாமலே. அந்த வாய நெனச்சா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது.

ஞானம்மாவும் இதத்தானே தின்னா, அவளத் திரும்பச் சேத்துக்கங்கன்னு டாக்டர்கிட்ட கெஞ்சுனேன். அவர் செல்லப் பாத்துக்கிட்டே, அவுங்க கேஸ் முடிஞ்சு ரிப்போர்ட் வெளிநாட்டுக்குப் போயிருச்சும்மா, எழுதிக் கேட்டுப் பாக்குறேன்னார். கேட்டிருக்க மாட்டார், மொகத்தப் பாத்தாலே தெரிஞ்சுச்சு. உங்கப்பாவ வீட்டுக்குக் கூட்டியாந்து விட்டுட்டு, மறுநா வெள்ளனே பஸ் ஏறி அட்டுவம்பட்டிக்குப் போனேன். அவ வீட்டுக்காரர் பிச்சையா அண்ணன் பூண்டுக் காட்டு வேலைக்குப் போயிட்டார். அவ போர்வைக்குள்ள சுருண்டு கெடக்கா, ஆளு பாதியாயிட்டா. நான் கடைசியாக் குடுத்த பழத்துல ஒண்ணு, தோல் சுருங்கி, தலமாட்டுல இருக்கு. வாசம் பாக்க வச்சிருக்காளாம். உக்காந்து எல்லாத்தையும் சொன்னேன். வைவா, அழுவா, நீதானே குடுத்தன்னு கேப்பான்னு நெனச்சுத்தான் போனேன். அவ கேட்டது வேற. மருந்து ஒத்துக்காத ஒடம்ப வச்சுக்கிட்டு ஒங்களுக்குப் பாரமாயிட்டேன்னு இத்தன நாளா பிச்சையா அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கா. அப்ப என் ஒடம்பு மேல குத்தமில்லையாக்கான்னு கேட்டா. இல்லத்தான்னேன். அவருக்கு நீயே சொல்லுக்கா, நான் சொன்னா சமாதானத்துக்குச் சொல்றேன்னு நெனப்பார்னா. அவர் வர்ற மட்டும் இருந்து சொல்லிட்டுத்தான் வந்தேன்.

இப்ப நீ செய்ய வேண்டிய சோலி ஒண்ணு இருக்கு. அந்த மருந்துக் கம்பெனி உங்க பக்கந்தான் எங்கயோ இருக்காம். நடந்தத நல்ல இங்கிலீஷ்ல எழுதி, ஞானம்மாவத் திரும்பச் சேக்கணும்னு வெரசா அனுப்பு. லீவு நாளைக்குப் பாப்போம்னு போடாத, அவளுக்கு அம்புட்டு நாள் இருக்கான்னு தெரியல. உங்கப்பா பம்பளிமாஸ் மரத்த வெட்டிப் போடுன்னு நிக்கிறார், மரம் என்ன மைக்குலயா பேசுச்சுன்னு கேட்டுட்டேன். பேரனுக்குக் காதடச்சுக் குல்லா போட்டு அனுப்பு. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. தீர்க்காயுசா, ஒரு நோய்நொடி அண்டாம எல்லாரும் நல்லா இருங்க.

ஒண்ண மட்டும் மறந்துறாத. எழுதுறப்ப ஞானம்மா பேர மொதல்ல போடு. எங்கப்பாவுக்கு இப்படி ஆச்சுன்னு பக்கம் பூரா எழுதிட்டு, அடியில ஞானம்மாவுக்கும்னு ஒட்டாத.

உன் நெனப்பாவே இருக்கிற அம்மா,
தேவசேனா